ரீமேக்கிலும் வீடியோ கேமிலும் கதை சொல்லும் திறனை எதை வைத்து மதிப்பிடுவது?

கோத்தகிரி மூடுபனி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இங்கே ஒரு கல்லூரியில் மாணவர்களுக்குப் போட்டி வைக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அது நீலகிரியில் நடப்பதாக மாற்றிச் சொல்ல வேண்டும். குறும்படமாக எடுக்கலாம், சின்ன வீடியோ கேமாகவும் செய்யலாம். நடுவர்களில் நானும் ஒருவன். மதிப்பெண் தாளில் 'கதை சொல்லும் திறன்: 40' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. படத்துக்கும் அதே 40, கேமுக்கும் அதே 40. எதைப் பார்த்துப் போடுவது என்று ஒரு விளக்கமும் இல்லை.

சென்ற முறை தலைப்பு வேறு. அப்போது பரிசு வாங்கிய ஒரு கேம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய ஒரு பாட்டியின் கதை அது. விளையாடுபவர் தேயிலைக் கொழுந்து பறிக்க வேண்டும். பை நிறைந்ததும் எடை போடும் இடத்துக்குப் போக வேண்டும். எடை போட்டதும் ஒரு காட்சி ஓடும்: தலைமன்னார் கப்பல், ராமேசுவரம், மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரியில் ஒரு லயன் வீடு. காட்சிகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நடுவர்கள் வீடியோவாகப் பதிவு செய்து வந்ததைப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தேன். பறித்துக்கொண்டே இருக்கிறேன், பாட்டியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கை வேலை செய்யும்போது கதை நின்றுவிடுகிறது. கதை ஓடும்போது கை சும்மா இருக்கிறது. எங்கள் பாட்டியும் அந்தக் கப்பலில் வந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த மலைக்கு வந்து சேர்ந்த எத்தனையோ குடும்பங்களின் கதை அது. அதனால்தான் இவ்வளவு ஆதங்கம்.

என் கட்சி இதுதான். ஒரு கதை பார்ப்பவரிடம் அல்லது விளையாடுபவரிடம் என்ன வேலையை ஒப்படைக்கிறது என்று பார்க்க வேண்டும். சந்தேகப்படுவது ஒரு வேலை. பாத்திரம் மறந்ததை நாம் நினைவில் வைத்திருப்பது ஒரு வேலை. ஒரு ரகசியத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் சுமப்பது, செய்ய மனமில்லாததைக் கையால் செய்வது, எல்லாம் வேலைதான். ரீமேக் என்றால் மூலக்கதை கொடுத்த வேலையை இது கொடுக்கிறதா, இல்லை அதற்குச் சமமான வேறொன்றைக் கொடுக்கிறதா என்று பார்க்கலாம். கேம் என்றால் அந்த வேலை கை வழியாக வருகிறதா என்று பார்க்கலாம். இந்த ஒரே அளவுகோல் இரண்டுக்கும் பொருந்துமா? சொல்லுங்கள்.

படங்களின் முடிவும் கேம்களின் முடிவும் இந்த இழையில் பேசப்படும். பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

கேத்திப் பள்ளத்தாக்கு

மூடுபனி தம்பி, கேத்தி ஸ்டேஷனுக்கு மேலே குடியிருக்கும் எனக்கு உதாரணம் தேடி வேறு எங்கும் போக வேண்டியதில்லை. 'மூன்றாம் பிறை' (1982) க்ளைமாக்ஸ் எடுத்த இடம் இது. மறு வருடமே பாலு மகேந்திரா அதே கதையை இந்தியில் 'சத்மா' என்று எடுத்தார். இயக்குநர் அவரே, கேமராவும் அவரே, கமலும் ஸ்ரீதேவியும் சில்க் ஸ்மிதாவும் இரண்டிலும் உண்டு, மலையும் இதே மலை. ரீமேக் பற்றிப் பேச இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. ஏறக்குறைய எல்லாம் ஒன்று, மொழி மட்டும் வேறு.

அந்தக் கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவிழந்திருந்த அவளை (ஸ்ரீதேவி) சீனு (கமல்) தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டான்; இப்போது அவளுக்குப் பழைய நினைவு திரும்பிவிட்டது. நடுவில் சீனுவோடு இருந்த நாட்கள் மொத்தமும் போய்விட்டன. ரயில் நிற்கிறது, மழை கொட்டுகிறது, அடிபட்ட காலோடு அவன் பிளாட்பாரத்தில் குரங்காட்டம் ஆடுகிறான். வீட்டுக்குள் அவளைச் சிரிக்க வைக்க ஆடிய ஆட்டம் அது. அது என்னவென்று தெரிந்தவர்கள் அவனும் நாமும் மட்டும்தான். அவளுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியக்காரன். அவள் தொலைத்த நினைவை இரண்டு மணி நேரமாக நம்மிடம் கொடுத்து வைத்திருக்கிறார் இயக்குநர். அங்கே அழுகை வருகிறதென்றால், ஜன்னலுக்குள் இருப்பவளிடம் நாம் சொல்ல முடியாமல் தவிப்பதால் வருகிறது. நடிப்பு மட்டும் அதைச் செய்திருக்க முடியாது. (நடிப்புக்கு அந்த வருடம் தேசிய விருது கிடைத்தது, அதில் எனக்குப் பூரண சம்மதம்.)

சத்மாவிலும் அந்த ஒப்படைப்பு அப்படியே இருக்கிறது. அதனால் அதுவும் நிற்கிறது. வெளியானபோது அது பெரிதாக ஓடவில்லை. இன்று வரை இந்திக்காரர்கள் அந்த முடிவைப் பேசுகிறார்கள். வசூலை வைத்துக் கதை சொல்லலை அளக்க வேண்டாம் என்பதற்கு இது போதும்.

குன்னூர் ரயிலடி

அக்கா சொன்னது சரி, ஆனால் அதற்கு மேல் தம்பி கட்டும் அளவுகோல் எனக்கு ஒப்பவில்லை. எல்லாக் கதையும் பார்ப்பவருக்கு வேலை வைக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? 'கில்லி' (2004) தெலுங்கு 'ஒக்கடு'வின் ரீமேக். ஹைதராபாத்தும் கர்னூலும் சென்னையும் மதுரையுமாக மாறின. சார்மினார் இருந்த இடத்தில் கலங்கரை விளக்கம் வந்தது. இருபது வருடம் கழித்துத் திரும்ப வெளியிட்டபோதும் தியேட்டர் அதிர்ந்தது. அதில் ரசிகனுக்கு என்ன வேலை? உட்கார்ந்து ரசிக்கிறான், அவ்வளவுதான். அதற்கு நாற்பதுக்கு எவ்வளவு போடுவீர்கள்?

கோத்தகிரி மூடுபனி

ரயிலடி அண்ணா, கில்லியில் வேலை இருக்கிறது. மாடியில் அந்தப் பெண் ஒளிந்திருப்பது வேலுவின் குடும்பத்துக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அப்பா படியேறும் ஒவ்வொரு முறையும் நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். கனமான வேலை என்று நான் சொல்லவில்லை. இலகுவான வேலையைச் சுத்தமாகக் கொடுத்த படத்துக்கும் நல்ல மதிப்பெண் உண்டு. சார்மினார் போய்க் கலங்கரை விளக்கம் வந்ததையும் கவனியுங்கள். ஊரே பார்க்கும் இடத்துக்கு உச்சியில் ஒளிந்திருப்பது என்ற பதற்றம் கைமாறிவிட்டது. வெறும் கட்டடத்தை மாற்றியிருந்தால் அது கிடைத்திருக்காது.

கூடலூர் முச்சந்தி

நாங்கள் மூன்று மாநிலம் சேரும் இடத்தில் இருப்பவர்கள். மூலப்படத்தை மலையாளத்தில் பார்த்துவிட்டு, அதன் பிறகு தமிழ் ரீமேக்கைப் பார்ப்பது எங்களுக்கு வழக்கம். அந்த உரிமையில் 'மணிச்சித்திரத்தாழ்' (1993) பற்றி எழுதுகிறேன்.

அந்தப் படத்தின் பயம் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, காப்பாற்ற ஆள் இல்லாமல் நம்மை அந்த வீட்டுக்குள் நெடுநேரம் விட்டுவிடுகிறார்கள். மோகன்லால் வருவதற்குள் படம் பாதியை நெருங்கிவிடும். அதுவரை யார் மேல் சந்தேகப்படுவது என்ற வேலை நம்முடையது. ஸ்ரீதேவி என்ற பெண் பாத்திரத்தின் மேல் அந்தச் சந்தேகத்தைப் படம் மெல்லத் திருப்பிவிடுகிறது, நாமும் நம்பிப் போகிறோம். இரண்டாவது, கதாநாயகி கங்கா பேசும் மொழி. அவள் தன்னை நாகவல்லி என்று நம்பத் தொடங்குகிறாள். நாகவல்லி முன்பு தஞ்சாவூரிலிருந்து வந்த நாட்டியக்காரி. கேரளத் தறவாட்டுக்குள் (பரம்பரை வீட்டுக்குள்), நேற்று வரை மலையாளம் பேசிய பெண்ணின் வாயிலிருந்து திடீரென்று தமிழ் வருகிறது. தமிழ் தெரிந்த எனக்கே அந்த இடத்தில் அது அந்நியமாக ஒலித்தது. ஷோபனாவுக்கு அந்த வருடத் தேசிய விருது.

'சந்திரமுகி' (2005) இரண்டாவதைக் காப்பாற்றியது. தமிழ் வீட்டுக்குள் தமிழ் பேசும் ஆவியை வைத்திருந்தால் பாதி பயம் போயிருக்கும். பி. வாசு அவளைத் தெலுங்குக்காரி ஆக்கினார். இந்தியில் பிரியதர்ஷன் வங்காளி ஆக்கினார். கதையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் செய்யும் மாற்றம் அது. வசனம் வசனமாக விசுவாசமாக எடுத்திருந்தால் கதை செத்திருக்கும்.

ஆனால் முதலாவதை விட்டுவிட்டார்கள். ரஜினி ஆரம்பத்திலேயே சண்டையோடு வந்து நிற்கிறார். அவர் இருக்கும் வீட்டில் எனக்கு என்ன பயம்? ஜோதிகா எவ்வளவு உழைத்திருந்தாலும் (உழைத்திருக்கிறார், கண்களே போதும்), என் சந்தேகமும் என் பயமும் ஹீரோவின் பொறுப்பாகிவிட்டன. ஓடிய நாட்களைக் காட்டி யாரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டாம். படம் பிடித்ததா என்பது வேறு, கதை எப்படிச் சொல்லப்பட்டது என்பது வேறு.

குன்னூர் ரயிலடி

ரஜினி படத்துக்குப் போகிறவன் ரஜினியைப் பார்க்கப் போகிறான். இடைவேளை வரை அவரை ஒளித்து வைத்தால் அது அந்த ரசிகனிடம் செய்யும் வஞ்சனை. யாருக்குக் கதை சொல்கிறோம் என்பதும் கதை சொல்லலில் சேர்த்திதான்.

கூடலூர் முச்சந்தி

சேர்த்திதான். அதற்காக என்ன விலை கொடுத்தார்கள் என்று எழுதி வைப்பது நடுவரின் கடமை.

நெல்லை வாத்தியார்

இப்போது ஊட்டியில் பணி, சொந்த ஊர் தாமிரபரணிக்கரை. அதனால் 'பாபநாசம்' பற்றிப் பேசாமல் போக மாட்டேன்.

'த்ருஷ்யம்' 2013இல் வந்தது. ஜீத்து ஜோசப் அதைத் தமிழில் தாமே திரும்ப எடுத்தார், 2015. வசனம் ஜெயமோகன். ஐ.ஜி.யாக இரண்டிலும் ஆஷா சரத். கதை அதேதான்: கேபிள் டிவி நடத்தும் படிக்காத மனிதர், சினிமா பார்த்துக் கற்றுக்கொண்டதை வைத்துக் கொலை விசாரணையிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். மூடுபனி சொல்லும் அளவுகோலுக்கு இந்தக் கதை அருமையாகப் பொருந்தும். குற்றம் நம் கண் முன்னால் நடக்கிறது, போலீஸுக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது, அதிலிருந்து நாம் கூட்டாளி. விசாரணையில் அந்தச் சின்னப் பெண்ணை மிரட்டும்போது நம் வாயும் இறுகுகிறது. அதேசமயம் உடல் எங்கே என்பதை மட்டும் நம்மிடமிருந்தும் மறைத்து வைத்திருக்கிறார் அந்த மனிதர். கூட்டாளியையும் முழுதாக நம்பவில்லை. கடைசி நிமிடத்தில் அது தெரியும்போது கிடைக்கும் அதிர்ச்சிக்கு அடித்தளம் அந்த நம்பாமைதான்.

இனி சர்ச்சைக்குரிய இடம். முடிவில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பனிடம் பேசும்போது மோகன்லால் அடக்கி வாசிக்கிறார். அவருக்குள் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது நம் வேலை. தமிழில் கமல் உடைந்து அழுகிறார். 'வேலையைப் பறித்துவிட்டார்' என்று பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சுயம்புலிங்கம் முதல் காட்சியிலிருந்தே உணர்ச்சியைக் கையில் வைத்துக்கொண்டு திரியும் நெல்லைக்காரர். கோபமும் கஞ்சத்தனமும் பாசமும் பேச்சில் தெறிக்கும். அப்படிப்பட்டவர் அந்த இடத்தில் கல்லாக நின்றால்தான் பொய். ஜார்ஜ்குட்டி வேறு ஆள், இவர் வேறு ஆள். ஊர் மாறினால் மனிதன் மாற வேண்டும், மனிதன் மாறினால் அழுகையும் மாற வேண்டும்.

இதே கதையைச் சீனாவில் 2019இல் எடுத்தபோது கதாநாயகன் கடைசியில் சரணடைந்து சிறைக்குப் போகிறான். அங்கே நம்மிடம் கொடுத்திருந்த ரகசியத்தையே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அது வேறு கதை ஆகிவிட்டது என்று சொல்வேன். மோசம் என்று சொல்ல மாட்டேன்.

கேத்திப் பள்ளத்தாக்கு

வாத்தியார் சார், அழுகை அந்த மனிதருக்குப் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரே நிற்கும் பெற்றோருக்கு அந்த அழுகையிலிருந்து எவ்வளவு தெரிந்துவிடுகிறது? மலையாளத்தில் அவர்கள் பாதி பதிலோடு போகிறார்கள். தமிழில் ஏறக்குறைய முழுப் பதிலும் கிடைத்துவிடுகிறது. அப்புறம் நாம் சுமக்க என்ன மிச்சம்?

நெல்லை வாத்தியார்

உடல் இருக்கும் இடம் மிச்சம், அக்கா. அது சின்னச் சுமை இல்லை.

இரவு ஷிஃப்ட்

மஞ்சூர்ப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை. சினிமா பற்றி மேலே எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் கேம் பற்றி எழுதுகிறேன். மூடுபனி அண்ணன் சொன்ன கொழுந்து பறிக்கும் கேமுக்குப் பதில் ஏற்கெனவே ஒரு கேமில் இருக்கிறது.

'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்', 2017. ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்று சொல்லிக்கொண்டு போகும். அதில் லூயிஸ் என்பவன் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறான். கன்ட்ரோலரில் ஒரு ஸ்டிக்கால் மீனை எடுக்க வேண்டும், வெட்டும் இயந்திரத்துக்கு நகர்த்த வேண்டும், தள்ள வேண்டும். அதுவே திரும்பத் திரும்ப. கொஞ்ச நேரத்தில் அவன் மனம் ஒரு கற்பனை ராஜ்ஜியத்துக்குப் போகிறது, அங்கே நடப்பது இன்னொரு ஸ்டிக். ஒரு கை மீன் வெட்டுகிறது, மறு கை ராஜாவாக ஊர்வலம் போகிறது. கற்பனை பெரிதாகிப் பெரிதாகித் திரையை மூடுகிறது, ஆனால் மீன் நிற்பதில்லை. விளையாடிய எனக்குச் சில நிமிடத்தில் மீன் பக்கத்துக் கை தானாக ஓடத் தொடங்கிவிட்டது, அதைப் பார்க்கவே இல்லை. ராஜ்ஜியத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எப்படி அந்த முடிவுக்குப் போனான் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் கை போய்விட்டது, அவனும் அப்படித்தான் போயிருக்கிறான்.

இரவில் டிரையர் பக்கம் நிற்பவனுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. அதை வீடியோவில் பார்த்த என் நண்பன் 'அழகாக இருக்கிறது' என்று சொன்னான். அவனுக்குக் கதை வரவில்லை, படம்தான் வந்தது. நடுவர்கள் கேமை வீடியோவில் பார்த்து மதிப்பெண் போட்டது எவ்வளவு தப்பு என்று இதிலிருந்தே தெரியும்.

வெலிங்டன் கன்ட்ரோலர்

முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இதே வகையில் 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' (2013). இடது ஸ்டிக் அண்ணன், வலது ஸ்டிக் தம்பி. தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம், அண்ணன் முதுகில் தொற்றிக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான். அண்ணன் இறந்துவிடுகிறான். அதன் பிறகு இடது கைக்கு வேலையே இல்லை, அந்தக் கை சும்மா கிடப்பதே துக்கமாக இருக்கும். மறுபடி ஒரு ஆறு வருகிறது. தம்பி நிற்கிறான். என்ன செய்தாலும் இறங்க மாட்டான். அண்ணனுக்குரிய பட்டனை அழுத்தினால் மட்டும் நீந்துகிறான். அந்த இடத்தில் நமக்குப் புரியும் மொழியில் ஒரு வசனம்கூட இல்லை.

2024இல் அதன் ரீமேக் வந்தது. படம் பளிச்சென்று இருக்கிறது. இரண்டு பேர் ஆளுக்கொரு சகோதரனாக விளையாடவும் வழி வைத்தார்கள். அப்படி விளையாடினால் அந்த ஆற்றுக் காட்சியின் உயிர் எங்கே போகும் என்று யோசியுங்கள். ஒரே மனிதனின் இரண்டு கைக்குள் இருந்த உறவு அது. தனியாக விளையாடுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

எதிர்ப்பக்கம் 'ரெசிடென்ட் ஈவில் 2'. 1998இல் வந்ததில் கேமரா மூலையில் நிலையாக நிற்கும். திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது, முனகல் மட்டும் கேட்கும். 2019 ரீமேக்கில் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது, திரும்பிப் பார்க்கலாம். பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. காவல் நிலையத்தை இருட்டாக்கி கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்தார்கள். நம்மைத் துரத்தும் மிஸ்டர் எக்ஸ் என்ற அரக்கனின் பூட்ஸ் சத்தத்தை மேல்மாடியில் வைத்தார்கள். அவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று காதால் கணக்குப் போடுவது என் வேலை ஆனது. கூடலூர் அண்ணன் சந்திரமுகியின் தெலுங்கைப் பற்றிச் சொன்னதும் இதுவும் ஒன்றுதான்: கருவியை மாற்றி, அதே பயத்தை வேறு வழியில் கொண்டுவந்தார்கள்.

கூடலூர் முச்சந்தி

கேமிலிருந்து தொடராகப் போனதற்கு இந்த அளவுகோல் எப்படி? 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' பார்த்தேன். கேம் விளையாடியதில்லை.

வெலிங்டன் கன்ட்ரோலர்

நல்ல கேள்வி அண்ணா. கேம் 2013, தொடர் 2023. கேமின் முடிவில் ஆஸ்பத்திரியில், எல்லி என்ற சிறுமியின் உயிரைப் பறிக்கும் அறுவை சிகிச்சையைத் தடுக்க, நாம் ஆட்டுவிக்கும் ஜோயல் அந்த டாக்டரைக் கொல்ல வேண்டும். நீங்கள் பட்டனை அழுத்தாத வரை கதை நகராது. வேறு வழி ஒன்றும் தராது. எல்லியைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையை இத்தனை மணி நேரமாக உங்களிடமே வளர்த்துவிட்டு, அந்த ஆசை என்ன செய்யும் என்று உங்கள் விரலாலேயே காட்டுகிறது. தொடரில் அதே காட்சியைப் பெத்ரோ பாஸ்கல் செய்வதைப் பார்க்கிறோம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது அவர் செய்த கொலை.

பதிலுக்குத் தொடர் வேறு ஒன்றைக் கொடுத்தது. கேமில் பில் என்பவனின் துணையான ஃபிராங்கைத் தூக்கில் தொங்கிய பிணமாகத்தான் பார்ப்போம், பில் மேல் கசப்போடு எழுதிய கடிதம் ஒன்று கிடைக்கும். கேம் நம் பாத்திரத்தை விட்டு நகர முடியாததால், அவர்கள் இருவரும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கடிதத்திலிருந்து ஊகிக்க வேண்டும். தொடரின் மூன்றாம் எபிசோடு ஜோயலை விட்டுவிட்டு அந்த இருவரோடு முதுமை வரை வாழ்கிறது. கசப்பு முழுதும் போய் வேறு கதை வந்தது. கேமால் செய்ய முடியாததைத் தொடர் செய்தது, தொடரால் செய்ய முடியாததைக் கேம் செய்தது. எனக்கு இரண்டும் வேண்டும்.

கொடை வட்டக்கானல்

பழனி மலையிலிருந்து ஒரு குறுக்குப் பேச்சு. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) ரீமேக் இல்லை, 2006இல் இங்கே நடந்த உண்மைச் சம்பவம். ஆனால் 'குணா' (1991) பார்த்தவர்களின் நினைவை அது கடன் வாங்கியிருக்கிறது. டெவில்ஸ் கிச்சனுக்குக் குணா குகை என்று பெயர் வந்ததே அந்தப் படத்தால்தான். இளையராஜாவின் அந்தப் பாட்டு குழியிலிருந்து நண்பனை மேலே தூக்கும் இடத்தில் வரும்போது, பாட்டைத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் கிடைப்பது ஒன்றல்ல. பழைய கதையை எடுத்துச் சொல்பவர்கள் பார்ப்பவரின் நினைவையும் ஒரு பொருளாகப் பயன்படுத்தலாம். உங்கள் மாணவர்களுக்கு இதையும் சொல்லுங்கள், எல்லோருக்கும் தெரிந்த கதைதானே அவர்கள் எடுக்கப் போவது.

குன்னூர் ரயிலடி

கேம் பக்கம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் அக்கா மகளிடம் கேட்டேன். 'வெண்பா' (2023) என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மா கொடுத்த சமையல் புத்தகத்தில் எழுத்து அழிந்து போயிருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். மேல் தட்டின் குழிக்கு நேர் கீழே அடுத்த தட்டின் ஓட்டை வர வேண்டும், ஆவி மேலே ஏற வேண்டுமே. நம் வீட்டில் இது தெரியாதவர் கிடையாது. தெரிந்த வேலையைத் திரையில் தடவிக்கொண்டு செய்தபோது, ஊரைவிட்டு வந்த அந்தப் பெண்ணின் தனிமை பிடிபட்டது. சமையலைக் கதைக்கு நடுவே ஒட்டவில்லை, அந்த அம்மாவுக்கும் மகனுக்கும் இடையில் இருக்கும் ஒரே பாலம் அதுதான்.

அதற்காக என் கட்சியை விட்டுவிடவில்லை. கில்லிக்கு நல்ல மதிப்பெண் போடாத நடுவர் எனக்கு நடுவர் இல்லை.

கொழுந்துப் பை

நான் இந்த இழையைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் பதிவில் சொன்ன கேமைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

அண்ணா, பறிப்பதற்கும் பாட்டியின் கதைக்கும் தொடர்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் அதை யோசித்துத்தான் வைத்தோம். என் அம்மா இன்றும் கொழுந்து பறிக்கிறார். பறிக்கும்போது அவர் மண்டபம் முகாமை நினைத்து உருகுவதில்லை. இன்று எத்தனை கிலோ, மழை எத்தனை மணிக்கு வரும், காட்டெருமை கீழ்ப்பக்கம் நிற்கிறதா, இதுதான் ஓடும். வேலை கதையை உள்ளே விடாது. கதை எல்லாம் வேலை முடிந்து எடை போட்டு, உட்கார்ந்த பிறகுதான். இரவு ஷிஃப்ட் அண்ணாவுக்கு இயந்திரத்தின் முன்னால் கை தானாக ஓடலாம். கொழுந்தில் கை தானாக ஓடினால் முற்றிய இலை வந்துவிடும், எடையில் கழித்துவிடுவார்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்பது கண் போகாமல் நடக்காது. அதனால் ஈடித் ஃபின்ச்சின் மீனை எங்கள் கொழுந்தில் அப்படியே வைக்க முடியாது.

வேலைக்கும் வேலைக்கும் நடுவே வெறுமையாக விடுவதும் கதை சொல்லல்தானே? 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' (2005) கேமில் ஒரு ராட்சத உயிரைக் கொன்றதும், அடுத்ததைத் தேடி ஆளில்லாத நிலத்தில் குதிரை ஓட்டுவதுதான். 2018இல் ரீமேக் செய்தபோது படத்தை எவ்வளவோ மெருகேற்றினார்கள், அந்த வெறுமையை ஆட்களாலோ எதிரிகளாலோ நிரப்பவில்லை.

கோத்தகிரி மூடுபனி

தங்கச்சி, நீ வந்து எழுதியது எனக்கு மிகுந்த சந்தோஷம். அம்மா பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். ஆனால் கொலோசஸில் குதிரை ஓட்டும்போது நான் வெறுமையாக இல்லை. அந்தப் பெரிய உயிரைக் கொன்றது என் கை, அது விழுந்த விதம் கண்ணில் நிற்கிறது, அடுத்ததைத் தேடிப் போகிறேன். வெறுமைக்குள் நான் சுமக்க ஒன்று இருக்கிறது. உங்கள் கேமில் முதல் முறை பறிக்கும்போது நான் சுமக்க என்ன இருந்தது? பாட்டி யார் என்றே தெரியாதே. காட்சிகளுக்குப் பிறகு பறிக்கும்போதும் அதே செடி, அதே வேகம், அதே பை. கப்பல் ஏறும்போது விட்டுவந்த தங்கையைப் பற்றித் தெரிந்த பிறகும் என் கையில் ஒன்றும் மாறவில்லை.

வேலை கதையை உள்ளே விடாது என்றால், விடாமல் தள்ளுவதையாவது என் கைக்குக் கொடுக்கலாமே? நினைவு வரும்போது கண் இலையை விட்டு விலகும், முற்றிய இலை பையில் விழும், எடையில் கழிப்பார்கள். அந்த இழப்பு பாட்டியுடையது, கூலியும் பாட்டியுடையது. அப்போது எடை போடும் தராசே கதை சொல்லும்.

இரவு ஷிஃப்ட்

இது நன்றாக இருக்கிறது. கொழுந்துப் பை தங்கச்சி சொன்னதும் உண்மை, ஃபேக்டரிக்கு முற்றிய இலை வந்தால் எங்களுக்குத்தான் தெரியும், தரம் இறங்கிவிடும்.

கொழுந்துப் பை

நினைவு வந்தால் கூலி குறையும் என்று வைத்தால், விளையாடுபவர் நினைவைத் தவிர்க்கவே பார்ப்பார். கதையைக் கேட்காமலே முடித்துவிடுவார்.

கேத்திப் பள்ளத்தாக்கு

தவிர்க்கட்டுமே அம்மா. முழுக் கூலியோடு, பாட்டியைப் பற்றி எதுவும் தெரியாமல் ஒருவர் கேமை முடித்தால் அதுவும் ஒரு முடிவுதான். நம்மில் எத்தனை பேர் வீடுகளில் அப்படித்தானே நடந்தது, கேட்க நேரமில்லாமல்.

நெல்லை வாத்தியார்

அருமை. இந்த ஒரு பதிவுக்காகவே இழையைச் சேமித்து வைக்கிறேன்.

கோத்தகிரி மூடுபனி

போட்டி நடத்துபவர்களிடம் பேசிவிட்டேன். கேம்களை நடுவர்கள் தாங்களே விளையாட வேண்டும், வீடியோ ஏற்கப்படாது என்று ஒப்புக்கொண்டார்கள். நாற்பதைப் பிரிக்க அவர்கள் சம்மதிக்கவில்லை, ஆனால் தாளின் பின்பக்கத்தில் நடுவர் காரணம் எழுத இடம் விடுவார்கள். ரயிலடி அண்ணா, உங்களுக்காக இதையும் கேட்டேன்: மாணவர்கள் யாருக்காகச் செய்தோம் என்று ஒரு பத்தி எழுதித் தர வேண்டும், அதைப் படித்துவிட்டுத்தான் மதிப்பிடுவோம்.

கொழுந்துப் பை தங்கச்சி, பழைய கேமை மாற்றிப் பார்க்கும் எண்ணம் இருக்கிறதா?

கொழுந்துப் பை

இருக்கிறது அண்ணா. முற்றிய இலையை மட்டும் சேர்த்து ஒரு சின்ன டெமோ தயாராகிக்கொண்டிருக்கிறது. அம்மாவை விளையாட வைத்தேன், நினைவு வந்த இடத்தில் எல்லாம் நின்று கேட்டார், கூலி பாதிக்குக் கீழே போய்விட்டது. நீங்களும் இரவு ஷிஃப்ட் அண்ணாவும் விளையாடிச் சொல்லுங்கள். கீபோர்டில் இரண்டு கை வேலை சரியாக வரவில்லை, யாரிடமாவது கன்ட்ரோலர் இருந்தால் கொண்டு வாருங்கள்.

வெலிங்டன் கன்ட்ரோலர்

என்னிடம் இரண்டு இருக்கிறது. எந்தக் கிழமை, கோத்தகிரியிலா குன்னூரிலா?